கல்வெட்டில் அடங்காத நான்கு ஆண்டுகள்



யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிலே ஒருவர் காலஞ்சென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிகழும். அன்று வீட்டுக்கு வருவோர் கையில் ஒரு சிறு நூலைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதனைக் கல்வெட்டு என்போம். கல்லிலே வெட்டப்படுவதன்று, காகிதத்தில் அச்சாவது. இறந்த திதியைக் கூறும் வெண்பா ஒன்று முதலில் நிற்கும். பின்னர்த் தோத்திரப் பாடல்கள், குலவரலாறு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் புலம்பும் பாக்கள் என்பன வரும். முற்காலத்தில் ஊர்ப் புலவர் ஒருவர் இவற்றைப் பாடி, சபை நடுவே இருந்து உரக்கப் படிப்பார். கேட்போர் கண்ணீர் உகுப்பர். இந்நூல்களைச் சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. நான் அவ்வாறு எண்ணுபவன் அல்லன். அரசாங்கப் பதிவேடுகள் சொல்லாத ஊர்ச் செய்திகள் பலவற்றை இக்கல்வெட்டுக்களே நமக்குக் காத்துத் தந்துள்ளன.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஆண்மகன் ஒருவனுடைய கல்வெட்டில் அவன் கற்ற பாடசாலை, பெற்ற உத்தியோகம், மாறிச் சென்ற ஊர்கள், ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெண்ணொருத்தியின் கல்வெட்டிலோ இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னின்னாரின் தாய் என்பதோடு வரலாறு முடிந்துவிடும். எஞ்சிய இடத்தைப் பொறுமை, அடக்கம், விருந்தோம்பல் ஆகிய மூன்று சொற்களும் நிரப்பும்.

என் அம்மம்மா, அதாவது தாயைப் பெற்ற பாட்டியார், நந்தன ஆண்டு ஆவணி மாதத்தில், ஆங்கிலக் கணக்கில் 2012ஆம் ஆண்டில் சிவபதமடைந்தார். காளயுக்தி ஆண்டு தை மாதத்தில், 1919இன் தொடக்கத்தில் பிறந்தவர். 93 வயது நிறைந்து வாழ்ந்தவர். அவருடைய கல்வெட்டை உறவினரான புலவர் ஒருவர் அன்போடு இயற்றினார். அதில் உள்ளவை யாவும் உண்மையே. 1941 முதல் 1945 வரையுள்ள காலத்துக்கு மட்டும் அவர் அரை வாக்கியம் ஒதுக்கியிருந்தார். "கணவர் கடல்கடந்திருந்த காலத்துப் பொறுமையே வடிவாக வாழ்ந்து" என்பது அந்த அரை வாக்கியம். அம்மம்மாவை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் சற்று வியப்பைத் தரும். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியே இன்று பேசப் புகுந்தேன்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் ஆங்கிலம் கற்று மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அந்நாட்டுப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தவர்களுள் நம்மவர் தொகை பெரிது. கோலாலம்பூரில் பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய பகுதிகள் யாழ்ப்பாணக் கிராமங்கள் போலவே விளங்கின. மாதந்தோறும் அங்கிருந்து வந்த பணத்தால் இங்கே கல்வீடுகள் எழுந்தன. என் அம்மப்பாவும் அவ்வாறு சென்ற ஒருவரே. 1937ஆம் ஆண்டு விடுமுறையில் வந்து அம்மம்மாவை மணஞ்செய்தார். அப்போது அம்மம்மாவுக்கு வயது 18. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். சுன்னாகத்துக்கு அணித்தான எங்கள் ஊரில் வீடும் வளவுமாக நான்கு பரப்புக் காணியும், தோட்டக் காணியும், ஒரு பனங்காணியும் சீதனமாக எழுதப்பட்டன.

இந்தச் சீதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் மக்களின் ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. சீதனம் பெண்ணுக்கே உரியது. தாயின் வீடு மகளுக்குச் செல்வதும், மகளைத் திருமணம் செய்தவர் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் எங்கள் ஊர்களில் இயல்பு. ஆதலினாலேயே யாழ்ப்பாணத்து வீடுகளில் தாய்வழிப் பாட்டியார் நடுநாயகமாக இருக்கிறார். ஆனால் உடைமை வேறு, அதனைக் கையாளும் அதிகாரம் வேறு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாத ஆதனத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டியிருந்தது. 1931ஆம் ஆண்டு இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சட்டசபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யத் தகுதி பெற்ற கை, தன் வீட்டுறுதியில் தனித்துக் கையொப்பமிடத் தகுதி பெறவில்லை.

மணமானபின் அம்மம்மா மலாயா சென்றார். மூத்த மகன், எங்கள் பெரிய மாமா, அங்கே பிறந்தார். இரண்டாவது பேற்றுக்காகத் தாய்வீடு நாடி 1941ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திரும்பினார். ஐப்பசியில் என் தாயார் பிறந்தார். தை பிறந்ததும் கப்பலேறுவதாக ஏற்பாடு. அதற்குள் திசம்பர் 8ஆம் நாள் யப்பானியப் படைகள் மலாயாவின் கொத்தா பாருவில் இறங்கின. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றோடு கடிதமும் நின்றது, பணமும் நின்றது. யாழ்ப்பாணத்தில் இவ்வாறு கணவன் உயிரோடிருக்கிறானா என்று அறியாமல் நின்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசியது சொற்பம்.

நாட்டு நிலையும் அப்போது இடராயிற்று. நாம் உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல்கடந்து வந்தது. அதிலும் பர்மாவிலிருந்து வந்தது மிகுதி. பர்மாவும் யப்பானியர் கையில் வீழ்ந்தது. 1942 ஏப்ரில் மாதத்தில் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குக் கூப்பன் வந்தது. சங்கக்கடை வாசலில் வரிசை வந்தது.

அம்மம்மாவுக்கு அப்போது வயது 23. இரண்டு குழந்தைகள், நோயாளியான தந்தையார், வயதான தாயார். மலாயாப் பணத்தை நம்பிக் கூலிக்கு விடப்பட்டிருந்த தோட்டத்தைத் தாமே பொறுப்பேற்றார். புகையிலைப் பயிரைக் குறைத்து, வயிற்றுக்கு உதவும் குரக்கனும் மரவள்ளியும் நடுவித்தார். பனங்காணியிலிருந்து ஓர் ஓலைதானும் வீணாக வெளியே போகவில்லை. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். அதனைப் பிசைந்து களியெடுத்து, பந்தர் மேல் விரித்த பாயிலே ஊற்றி, ஒன்று காய்ந்தபின் அதன்மேல் மற்றொன்றாக ஊற்றி உலர்த்தினால் பனாட்டு ஆகும். விதைகளைப் பாத்தியிலே அடுக்கி மண்ணிட்டால் தை மாசியில் கிழங்கு தோண்டலாம். பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். இவை முறையாகக் காய்ந்தால் ஆண்டு கடந்தும் இருக்கும். கூப்பன் அரிசி தீர்ந்த நாட்களில் ஒடியற்கூழும் ஒடியற்பிட்டும் எங்கள் வீட்டைக் காத்தன. இன்று அவை விருந்து மேசைக்குரிய பழம்பெரும் உணவுகளாகிவிட்டன. கடைசிவரை அம்மம்மா கூழைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. "உண்டோம், இருந்தோம்" என்பார், அவ்வளவே.

சந்தைக்கு அவர் நேரே போகவில்லை. அக்காலத்து அவர் போன்ற குடும்பப் பெண்கள் போவதில்லை. வண்டிக்காரர் சரக்கைக் கொண்டுபோவார். அம்மம்மா படலைக்குப் பின்னால் நின்று கொடுத்ததை எண்ணுவார், கொண்டுவந்ததை எண்ணுவார். பின்பு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். பெரிய மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கென வாங்கி வைத்திருந்த கொப்பி அது. அதில் பனாட்டு இத்தனை, புழுக்கொடியல் இத்தனை கொத்து, விறகு, மண்ணெண்ணெய்க் கூப்பன், அடகு வைத்த நகை, மீட்ட நகை, கைமாற்றாக வாங்கியது, திருப்பியது எனத் தேதிவாரியாகக் கணக்குண்டு. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இத்துணைப் பயன் தந்ததை, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே சுண்ணாம்புக் கட்டியோடு நிற்கும்போது நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு.

1943ஆம் ஆண்டு மாரியில் தோட்டக் கிணற்றின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. எங்கள் பகுதியில் ஆறில்லை, குளத்துப் பாய்ச்சலுமில்லை. கிணறு போனால் தோட்டம் போயிற்று. பணத்துக்காக வீட்டுக் காணியை ஈடுவைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடன் தருபவரும் ஆயத்தமாக இருந்தார். நொத்தாரிசு உறுதியைப் பார்த்துவிட்டு, கணவரின் கையொப்பம் வேண்டும் என்றார். அவர் கொடியவரல்லர், சட்டம் அது. அவரே ஒரு வழியையும் சொன்னார். கணவன் இருக்குமிடம் அறியப்படாதபோது மனைவி நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அனுமதி பெறலாம் என்று அதே சட்டத்தில் ஏற்பாடு உண்டு. "அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது என ஒரு மனு எழுதுவோம் பிள்ளை" என்றார் நொத்தாரிசு.

அம்மம்மா சொன்ன மறுமொழி எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழங்குகிறது. "இடம் தெரியும் ஐயா. மலாயா. கடிதந்தான் வரவில்லை."

மனு எழுதப்படவில்லை. பசுவும் கன்றும் விற்கப்பட்டன. தம் தாயார் கையிலிருந்த காப்பு இரண்டையும் கழற்றி வாங்கி விற்றார். கிணறு கட்டப்பட்டது. ஒரு தாளில் ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு இத்துணை இழப்பா என்று உறவினர் குறைகூறினர். உலகியல் நோக்கிற் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயமே. ஆனால் அந்த ஒரு வரியை நீதிமன்றத்துப் பதிவில் ஏறவிடுவதும், ஊரார் காதோடு காதாகப் பேசிக்கொண்டதை ஒப்புக்கொள்வதும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின. ஊரார் பேசிக்கொண்டது இன்னதென நேயர்கள் உய்த்துணர்வார்கள்.

அப்பேச்சு ஒருநாள் வெளிப்படையாகவும் வந்தது. உறவில் ஒரு திருமண வீடு. ஆலத்தி எடுக்க மணமான பெண்கள் இருவர் முன்னே வரவேண்டும். மூத்த உறவுப் பெண் ஒருவர் அம்மம்மாவை அழைத்து, "இன்றைக்குச் சற்று ஒதுங்கி நில், பிள்ளை" என்று இரக்கத்தோடுதான் சொன்னாராம். அம்மம்மா நேரே சென்று ஆலத்தித் தட்டை எடுத்தார், எடுத்து முடித்தார், உண்ணாமல் வீடு திரும்பினார். அந்த அம்மையாரின் வீட்டுப் படியை அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் மிதிக்கவில்லை. இறந்த வீட்டுக்கே போனார். இதனைப் பொறுமை என்று புலவர் பாடியது செய்யுள் மரபு கருதி ஆகலாம்.

1945 ஆகஸ்டில் யப்பான் சரணடைந்தது. அவ்வாண்டின் இறுதியில் அம்மப்பாவின் கடிதம் வந்தது. 1946இல் அவரே வந்தார். நாலரை வயதான என் தாயார் தந்தையாரை முதன்முதற் கண்டது அன்றுதான். கதவுக்குப் பின்னால் நின்று, "இவர் எப்போது போவார்?" என்று கேட்டாராம். போர்க்காலத்தில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்குமிடையே இட்ட புகையிரதப் பாதையில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக மாண்டதை இன்று உலகம் அறியும். அம்மப்பா அக்காலத்தைப் பற்றி வீட்டிற் பேசியதில்லை. பிள்ளைகள் கேட்கவும் அம்மம்மா விடவில்லை.

வந்த சில நாட்களில் அம்மம்மா அந்தக் கொப்பியை அவர் முன்னே வைத்தார். அவர் கந்தோர் மனிதர். இரண்டு இரவு விளக்கடியில் இருந்து, சிவப்புப் பென்சில் ஒன்றால் வரிக்கு வரி குறியிட்டு, கூட்டுத் தொகைகளைச் சரிபார்த்து, கடைசித் தாளில் "பார்வையிட்டேன், சரி" என்றெழுதிக் கையொப்பமும் தேதியும் இட்டார். என் தமக்கையாருக்கு இச்செய்தியைக் கேட்டால் இன்றும் சினம் மூளும். நான்கு ஆண்டு உயிரைக் கொடுத்து நடத்திய குடும்பத்துக்கு ஒரு கணக்காய்வாளரா என்பார். எனக்கு அது வேறுவகையாகத் தோன்றுகிறது. உணர்ச்சியைச் சொல்லாற் காட்டிப் பழகாத அம்மனிதர், தாம் அறிந்த மிக உயர்ந்த மரியாதையை அவருக்குச் செய்தார் என்றே கருதுகிறேன். அம்மம்மாவின் கருத்து இரண்டுமன்று. "கணக்கைப் பார்த்தவர் முதலில் கிணற்றைப் பார்த்திருக்கலாம்" என்பது அவர் சொன்னது.

அம்மப்பா மீண்டும் உத்தியோகத்துக்குச் சென்று, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, 1969இல் மறைந்தார். அம்மம்மா இரண்டாம்முறை மலாயாவுக்குப் போகவேயில்லை. பின்னும் நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது அவருக்குக் கைகொடுத்தது. பெண்பிள்ளைகள் மூவரையும் படிப்பித்தார். சம்பளம் பெறும் வேலை ஒன்று கிடைக்கும்வரை எந்த மகளுக்கும் சீதன உறுதி எழுத அவர் ஒருப்படவில்லை. "காணி இருந்தும் கை நீட்டினேன்" என்பார். என் தாயார் ஆசிரியையானது அவ்வாறுதான்.

இவ்வளவும் கூறிவிட்டு மற்றொன்றைக் கூறாது விடுதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நான் சிறுவனாயிருந்த காலத்தில், தோட்டத்தில் வேலைசெய்ய வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் தேநீர் சிரட்டையிலே வார்க்கப்பட்டது. அவர்கள் எங்கள் கிணற்றில் தாமாக நீர் அள்ளியதில்லை. சாதி குறித்த இத்தகைய தடைகளை ஒழிக்க 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. வாசித்தறியக்கூடியவரான அம்மம்மா அதனை அறிந்தேயிருந்தார். தமக்கு இழைக்கப்பட்ட சிறுமையை முப்பது ஆண்டு மறவாதவர், தம் வீட்டுப் பின்கட்டில் நடந்ததைச் சிறுமையாகக் காணவில்லை. நான் வளர்ந்தபின் இது பற்றி அவரோடு வாதிட்டதுண்டு. "உனக்கு விளங்காது" என்பதே மறுமொழி.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவருமே போர் காரணமாக ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள். நாவற்குழிப் பாதையில், மழையில், இலட்சக்கணக்கானோர் அடிக்கு அடியாக நகர்ந்தோம். அம்மம்மாவுக்கு அப்போது 76 வயது. சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினோம். பாதி வழி நடந்தே வந்தார். மடியில் ஒரு பனையோலைப் பெட்டி. அதனுள் காணி உறுதிகளும் அந்தக் கொப்பியும் இருந்தன. தென்மராட்சியில் எங்களுக்குத் திண்ணை கொடுத்தவர்கள், எங்கள் வீட்டில் சிரட்டையில் தேநீர் குடித்த அதே சமூகத்தவர். ஆறு மாதம் அவர்கள் கிணற்று நீரைக் குடித்தோம்; அவர்கள் அடுப்பிற் சமைத்தோம். 1996இல் ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வகைக் குவளைதான். அவர் மனம் மாறினாரா என்று யாரேனும் கேட்டால், வழக்கம் மாறியது என்றே நான் சொல்வேன். அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

கடைசிப் பத்தாண்டுகளில் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரும்பாலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலுமாகப் பரந்துவிட்டனர். தொலைபேசி கையடக்கமாயிற்று, முகத்தைப் பார்த்தே பேசலாம் என்றாயிற்று. அம்மம்மா இரண்டு வார்த்தை பேசுவார். பின்பு, "சரி, கடிதம் போடு" என்பார். கடிதமா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் எழுதினார்கள். தமிழ் எழுதத் தெரியாத பூட்டப்பிள்ளைகள் பூவும் வீடும் கீறி அனுப்பினார்கள். எல்லாம் அவருடைய றங்குப்பெட்டியில் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

அந்தக் கொப்பி இப்போது என் தமக்கையார் வசம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளைகள் அதனைப் பார்க்க விரும்பினார்கள். கொத்து என்றால் என்ன, அந்தர் என்றால் என்ன, கூப்பன் எதற்கு என்று கேட்டார்கள். நான்கு சனிக்கிழமைகள் இருந்து வரிவரியாகப் படித்து விளக்கினேன். 1945ஆம் ஆண்டின் முடிவில் ஒரு பக்கத்தைப் புரட்டியபோது, விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையே, செலவுப் பக்கத்தில், "தபாற்காரருக்கு வேட்டி ஒன்று" என்று எழுதியிருந்தது. விலையும் இருந்தது. வேறு விளக்கம் எதுவும் இல்லை. அந்த வரிக்கு நேரேயும் அம்மப்பாவின் சிவப்புப் பென்சிற் குறி இருக்கிறது.